பேசினால் சார்ஜ் ஏறும்

மாப்பிள்ளை கெட்டிக்காரன்தான், அதுல சந்தேகமே வேண்டாம். காது மெஷின் செய்யற கம்பெனியில வேலை. மூணு வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டு ஒரு சாமான் பண்ணியிருந்தான்: சார்ஜரே தேவையில்லாத காது மெஷின். காதுக்குள்ள போற பாகத்துல நகம் கனத்துக்கு ஒரு தகடு. வாயைத் திறந்து மூடும்போது தாடை அசையுதில்ல, அந்த அசைவுல தகடு வளையும். வளைஞ்சா கரண்ட் வரும், பேட்டரி தானா ஏறிக்கும். பேசினாலும் ஏறும், மென்னாலும் ஏறும். கேக்கவே நல்லா இருக்கில்ல?

ஒரு நாளைக்கு ஒரு மனுஷன் எவ்வளவு வாயசைப்பான்னு கணக்குப் போடணுமே, அதை எங்க போட்டான் தெரியுமா? தன் வீட்டுல! அம்மா, ரெண்டு சித்தி, ஒரு அத்தை, நாலு பேருக்கும் மாட்டிவிட்டு ஒரு வாரம் பார்த்தான். அந்த வீட்டுல ஒருத்தர் மூச்சு வாங்கற இடைவெளியில இன்னொருத்தர் ஆரம்பிச்சுடுவாங்க. அத்தை தூக்கத்துலகூட யாரையாவது விசாரிச்சுக்கிட்டேதான் இருப்பாங்க. மத்தியானத்துக்குள்ள நாலு பேட்டரியும் நிரம்பிடுச்சு. 'மனுஷ வாய்க்கு இவ்வளவு சக்தியா'ன்னு பூரிச்சுப்போய், இருந்த பேட்டரியைப் பாதியாக் குறைச்சு, சின்னதா, அழகாப் பண்ணிட்டான். அடப் பாவி!

கடைசியா ஒரு சோதனை பாக்கி. நிஜமாவே காது மந்தமான ஒருத்தர் பதினாலு நாள் போட்டுக்கணும். வெளியில இருந்து ஒரு தடவைகூட சார்ஜ் ஏத்தக் கூடாது. நடுவுல அணைஞ்சா அவ்வளவுதான், திட்டத்தையே இழுத்து மூடிட்டு, மாப்பிள்ளையை ரிமோட் பட்டன் செய்யற பிரிவுக்கு அனுப்பிடுவாங்க. ஆள் வேணும்னதும் அவன் பெண்டாட்டி, "எங்கப்பா இருக்காரே"ன்னா.

இருந்தார். கோட்டு தைக்கற தையல்காரர். ஒரு நாளைக்குப் பேசறது ஆறு வார்த்தை, அதுல ரெண்டு 'உம்'. அதுவும் போகட்டும், வேலைன்னு உக்காந்தா உதட்டுக்கு நடுவுல ஏழெட்டு குண்டூசியைக் கவ்விக்குவார். ஒவ்வொண்ணா எடுத்துத் துணியில குத்துவார், தீர்ந்ததும் அடுத்த ஏழெட்டு. காலையில ஒன்பது மணிக்கு மூடின வாய் சாயந்தரம் ஆறு மணிக்குத்தான் திறக்கும். சாப்பாடுகூட அஞ்சு நிமிஷம்தான்.

நூறுல ஆரம்பிச்ச சார்ஜ் ரெண்டாம் நாள் சாயந்தரம் அறுபது. போன்ல அதைப் பார்த்தான் மாப்பிள்ளை. கடைக்கு ஓடினான்.

"மாமா, கொஞ்சம் பேசுங்களேன்."

மாமனார் புருவத்தை மட்டும் தூக்கினார்.

"எதையாவது பேசுங்க மாமா. நீங்க பேசினாத்தான் இது ஏறும்."

"உம்"னார் மாமனார். அதுல என்னத்த ஏறும்?

சூயிங்கம் வாங்கிக் குடுத்துப் பார்த்தான். மென்னுக்கிட்டே ஊசியைக் கவ்வப்போய் மாமனார் உதட்டுல ரத்தம். வாயிலிருந்து விழுந்த சூயிங்கம் ஒரு டாக்டரோட புதுக் கோட்டுல போய் ஒட்டிக்கிச்சு. அன்னைக்கிலிருந்து கடைக்குள்ள சூயிங்கத்துக்குத் தடை.

நாலாம் நாள் பத்தொன்பது. மாப்பிள்ளை தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்துட்டான். பெண்டாட்டிதான் வழி சொன்னா.

"அப்பா பேச மாட்டார். ஆனா திட்டுவார். மட்டமான தையலைப் பார்த்தா அவருக்குப் பொறுக்காது. கண்றாவியா ஒரு ரெடிமேட் சட்டையைப் போட்டுக்கிட்டு எதிர்ல போய் நில்லுங்க."

போய் நின்னான். கட்டம் போட்ட சட்டை. காலர் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. மாமனார் பார்த்தார். உதட்டுல இருந்த ஊசியை எல்லாம் எடுத்துப் பஞ்சுல குத்தினார்.

"தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை. இதை எந்தக் கடன்காரன் தைச்சான்? பையில இருக்கற கட்டம் ஒரு பக்கம் போகுது, சட்டையில இருக்கற கட்டம் ஒரு பக்கம் போகுது! வாங்கும்போது கண்ணை எங்க வச்சிருந்தீங்க?"

நாப்பது நிமிஷம்! மாப்பிள்ளைங்கற மரியாதை ஒரு இடத்துலகூடக் குறையலை, திட்டும் குறையலை. ஒவ்வொரு வாட்டியும் 'ங்க' போட்டு, அழுத்தந்திருத்தமாத் திட்டினார். மாப்பிள்ளை திருட்டுத்தனமா போனைப் பார்த்தான். முப்பத்தி மூணு! அவனுக்கு வாயெல்லாம் பல். திட்டு வாங்கறவன் சிரிக்கிறதைப் பார்த்து மாமனாருக்கு இன்னும் பத்திக்கிச்சு, முப்பத்தேழுல போய்த்தான் நின்னது.

அப்புறம் என்ன, தினமும் இதே வேலைதான். ஒரு நாள் பேண்ட் ஓரத்தை ஸ்டேப்ளர் அடிச்சுக்கிட்டுப் போனான். ஒரு நாள் பட்டனை மாத்திப் போட்டுக்கிட்டுப் போனான். ஒரு நாள் தைரியமா, "கையால தைச்சா என்ன, மெஷின்ல தைச்சா என்ன மாமா, ரெண்டும் ஒண்ணுதானே"ன்னு கேட்டுட்டான். அன்னைக்கு மாமனார் ஒண்ணரை மணி நேரம் விடலை. மானம் போனாலும் வேலை தப்பிச்சுதுன்னு மாப்பிள்ளை குஷியா வீட்டுக்குப் போனான்.

பதினாலாம் நாள். கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி அம்மா, எந்த நேரத்துல எவ்வளவு சார்ஜ் ஏறுச்சுங்கற பதிவுகளை எடுத்துக்கிட்டுக் கடைக்கே வந்துட்டாங்க. சார்ஜ் எண்பத்தெட்டு.

"பிரமாதம். சார் எப்பவுமே இவ்வளவு பேசுவாரா?"

'ஆமா'ன்னு ஒரு வார்த்தை போதும். மாப்பிள்ளைக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. ஆனா, வாயே திறக்காத யாரோ ஒருத்தர் இதை நம்பி வாங்குவாரே, நாலஞ்சு நாள்ல பொட்டுனு அணைஞ்சா அவர் கதி என்னன்னு நினைச்சான். மனசு கேக்கலை.

"இல்லைங்க. நான்தான் தினமும் வந்து இவரைக் கோபப்படுத்தித் திட்டு வாங்கினேன். எங்க வீட்டு வாயை வச்சுக் கணக்குப் போட்டுட்டேன், அதான் தப்பாப் போச்சு. பேசாதவங்களுக்கு இது ஓடாதுங்க."

சொல்லிட்டுத் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னான். ரிமோட் பட்டன் ஒவ்வொண்ணும் கண்ணு முன்னால வந்து போச்சு. மாமனார் கையில கோட்டோட அவனையே பார்த்துக்கிட்டிருந்தார்.

அதிகாரி அம்மா பதிவைத் திரும்பப் புரட்டினாங்க. "ஒரு நாள் விடாம வந்தீங்களா?"

"பதினொண்ணாம் நாள் கடை லீவு. அன்னைக்கு மட்டும் வரலைங்க."

"அன்னைக்குத்தானே எல்லா நாளையும்விட அதிகமா ஏறியிருக்கு! அதுக்கப்புறமும் தினம் சாயந்தரம் ஏழு மணிக்கு மேல ஏறியிருக்கே, பாருங்க."

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தான். இத்தனை நாளும் மொத்தம் எவ்வளவுன்னு மட்டும் பார்த்து, எல்லாம் தான் வாங்கின திட்டுன்னே நினைச்சுக்கிட்டிருந்தான், மடையன்.

"யாரோட பேசினீங்க சார்?"

மாமனார் வாயிலிருந்து ஊசியை ஒவ்வொண்ணா எடுத்தார். காது மடல் சிவந்துபோச்சு.

"வீட்டுல." மாப்பிள்ளையைக் கை காட்டினார். "இவரு மாமியாரோட."

"என்ன பேசினீங்க?"

"பெரிசா ஒண்ணும் இல்லைங்க. பன்னெண்டு வருஷமா அவ சொல்றது எனக்குச் சரியாக் கேக்காது. ஒவ்வொண்ணையும் மூணு தடவை 'என்ன, என்ன'ன்னு கேக்கணும். கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிக்கும். எதுக்கு அவளைப் படுத்தணும்னுதான் நான் பேசறதையே விட்டுட்டேன்." கோட்டு மேல இருந்த நூலைத் தட்டிவிட்டார். "லீவு அன்னைக்குச் சும்மா ஒண்ணு சொன்னேன். அவ பதில் சொன்னா. கேட்டுது. அதனால இன்னொண்ணு சொன்னேன்."

"அப்போ பேசாதவருக்கும் ஓடுது"ன்னு சொல்லி, அதிகாரி அம்மா அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாத்தாம எழுதிக்கிட்டு, அதுக்குக் கீழேயே 'தேறியது'ன்னு கையெழுத்துப் போட்டாங்க.