படகில் ஒருவர் மட்டும்

ஏரியில் மிதக்கிற வீடுகளுக்கு விதி வகுக்க ஏழு பேர் கொண்ட குழு இரண்டு வருடம் கூடியது. ஏழு பேரில் ஒருவருடைய காலாவது ஏரித் தண்ணீரில் நனைந்ததாகத் தகவல் இல்லை. குழுவுக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவர் ஏரித்துறை மேற்பார்வையாளர். "நிற்பது வீடு, நகர்வது படகு" என்ற அவருடைய வரியைக் கேட்டு இயக்குநர் மேஜையைத் தட்டினார். அன்றிலிருந்து மேற்பார்வையாளரின் கால் தரையில் சரியாகப் பாவவில்லை.

விதி இதுதான். மிதவை வீடு எஞ்சின் பூட்டி, ஏரி நடுவே நட்ட சிவப்புக் கொடிவரை போய்த் திரும்பினால் எண் பலகை கிடைக்கும். திரும்பாவிட்டால் முப்பது நாளில் பிரித்துவிட வேண்டும். ஓட்டத்தின்போது ஓட்டுபவர் தவிர உள்ளே யாரும் இருக்கக் கூடாது. கடைசி வரியும் அவர் கைச்சரக்குதான்.

வரிசையில் பதினேழாவது, அவருடைய அக்காவின் வீடு. இருபத்தாறு நீல டிரம், மேலே ஒரு பலகை அறை. போன மாதம் டாக்டர் ஃபைலை மூடி, அக்காவை வீட்டுக்கே கூட்டிப் போகச் சொல்லிவிட்டார். வெல்டர் வேலை பார்க்கிற அத்தான், அவள் படுத்தபடியே தண்ணீரைப் பார்க்கட்டும் என்று கட்டில் உயரத்தில் சுவரை அறுத்து ஜன்னல் வைத்தார்.

"இங்கேயே போயிடறேன்டா. என்னைக் கரையில மட்டும் சாக விட்றாதீங்க" என்று தம்பியிடம் ஒரே தடவை கேட்டிருந்தாள். வேறு அதிகாரி வந்தால் ஏதாவது நொட்டை சொல்லித் தள்ளிவிடுவான் என்றுதான் அவரே சோதனைக்கு வந்திருந்தார்.

கடிகாரம் பிடிக்க வந்த குமாஸ்தா மெதுவாகச் சொன்னார்: "உங்க அக்கா உள்ளேயே இருக்கட்டும் சார். நான் பாக்கலைன்னு வெச்சுக்குங்க."

"சொந்தம்னா இன்னும் கறாரா இருக்கணும்யா. நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவான். இருபது நிமிஷ வேலை."

அத்தான் உள்ளே போனார். துவைத்த துணியைத் தூக்குவதுபோல அவளைப் போர்வையோடு தூக்கிவந்து கரைப் பெஞ்சில் கிடத்தினார். ஏரியை ரசிக்க வருகிறவர்களுக்காகத் துறை போட்ட பெஞ்சு அது. ஏரிக்கு முதுகைக் காட்டி, வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்திருந்தது. திருப்பவும் வழியில்லை, சிமெண்டில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள்.

"நீ எழுதின விதியாடா? சின்ன வயசுலயே கோடு போட்ட நோட்டு இல்லைன்னா அழுவியே" என்று சிரிக்கப் பார்த்தாள். பிறகு, "தண்ணி தெரியலையேடா" என்றாள்.

"இருபது நிமிஷம்க்கா."

இரவல் எஞ்சின் கொடியருகே நின்றுவிட்டது. அத்தான் குனிந்து கயிற்றை இழுத்தார், மறுபடி இழுத்தார். எந்தச் சாமியையும் தொந்தரவு செய்து பழக்கமில்லாத மேற்பார்வையாளர், படகுத்துறையின் ஓரத்தில் நின்று அந்த எஞ்சினைக் கும்பிட்டார். அது இருமியது, புகைந்தது, ஓடியது. வீடு ஆடி ஆடித் திரும்பிவர நாற்பது நிமிடம் ஆயிற்று. நல்லவேளை, நேரத்துக்கு வரம்பு எழுதக் குழுவுக்குத் தோன்றவில்லை.

படிவத்தில் 'படகில் இருந்தோர்: ஒருவர்' என்று நிரப்பி, கையெழுத்துப் போட்டு, எண் பலகையை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்கு ஓடினார்.

"அக்கா, பாஸ்."

கழுத்து எவ்வளவு திரும்புமோ அவ்வளவு ஏரிப்பக்கம் திருப்பியிருந்தாள். பெஞ்சின் முதுகுப் பலகைதான் கண்ணுக்கு எதிரே இருந்தது. கண் மூடவில்லை.

குமாஸ்தா செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார். கையில் கிரீஸோடு வந்த அத்தான், அவள் காலடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவள் கண்களை மூடினார். பிறகு மைத்துனரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் மேற்பார்வையாளருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஓட்டம் முடிஞ்சுதுல்ல மாப்ளே? இப்ப ஏத்திக்கலாமா?"

மேற்பார்வையாளர் எண் பலகையைத் தரையில் வைத்துவிட்டு, போர்வையின் கால்பக்கத்தைப் பிடித்தார்.