பாகம் பிரித்த கம்ப்யூட்டர்

வயலையும் களத்தையும் அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொண்ட பிறகு, நீடாமங்கலத்து வீட்டில் பிரிக்க முடியாமல் நின்றது கம்ப்யூட்டர் ஒன்றுதான். அண்ணன் மனைவி ராஜாத்தி அதில் சென்னையில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசுவாள். தம்பி மனைவி வானதி அதில்தான் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி வந்தாள். அது வீட்டின் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான நடு அறையிலேயே இருக்கட்டும், ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்று பேசி முடித்தார்கள். அதற்குப் பிறகு ஓரகத்திகள் இருவரும் தேவைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வானதி பாஸ்வேர்டைப் போட்டாள். திரையில் ஒரு ஃபோல்டர்கூட இல்லை. தற்காலிக புரொஃபைலில் நுழைந்திருக்கிறீர்கள் என்று மூலையில் ஓர் அறிவிப்பு வந்து மறைந்தது. திங்கட்கிழமை தஞ்சாவூரில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கடைசி இரண்டு இயல்கள் இந்தப் பெட்டியைத் தவிர வேறெங்கும் இல்லை.

நேரே ராஜாத்தியிடம் போனாள்.

"அக்கா, கம்ப்யூட்டர்ல என்னோடத எதையாச்சும் தொட்டீங்களா?"

"தொட்டேனே. ஒன் பேரு போட்ட ஃபோல்டர் என் பக்கத்துல கெடந்துச்சு. எடுத்து ஒன் பக்கம் வச்சுட்டேன்."

"ஒங்க பக்கமா?"

"ரெண்டு டிரைவ் இருக்குல்ல. சி மூத்தவங்களுக்கு, டி எளையவங்களுக்கு. வயல மேக்கால பாதி, கெழக்கால பாதின்னு பிரிக்கல? நாளைக்கு ஒருத்தர் எடத்துல ஒருத்தர் இருக்கோம்னு பேச்சு வரக்கூடாது பாரு."

வானதிக்குச் சிரிக்கவும் வரவில்லை. "அழிக்கலையே?"

"அழிப்பேனா? என்னை என்னன்னு நெனச்ச?"

வானதி அப்படித்தான் நினைத்திருந்தாள்.

கம்ப்யூட்டரை விற்ற மன்னார்குடி ஜாஃபர் சாதிக்குக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்கள். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் இருமினார். சிரிப்பை அடக்குகிறார் என்று இருவருக்குமே தெரிந்தது. சி டிரைவில் 'யூசர்ஸ்' என்பதற்குள் வானதியின் ஃபோல்டர் இருக்கும் என்றுதான் விண்டோஸ் குறித்து வைத்திருக்கிறது. அங்கே காணோம் என்றதும் தற்காலிகமாக ஒரு காலி வீட்டைக் கொடுத்துவிட்டது. சாமான் எல்லாம் டி-யில் அப்படியே இருக்கும். வானதி தன் கணக்கைவிட்டு வெளியே வரட்டும், ராஜாத்தி தன் பாஸ்வேர்டில் போய் எடுத்த இடத்திலேயே வைக்கட்டும் என்றார்.

"நீயே செஞ்சுடேன், நான் மறுபடி எதையாச்சும் எடம் மாத்தி வச்சுடப் போறேன்" என்றாள் ராஜாத்தி.

"எடுத்தது நீங்கதானக்கா. நான் பக்கத்துல இருக்கேன்."

ராஜாத்தி ஃபோல்டரை எடுத்துப் போட, அது இடம் மாறுவதைக் காட்டும் பச்சைக் கோடு திரையில் மெல்ல நகர்ந்தது. இதில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறாய் என்று ராஜாத்தி கேட்டாள். கடல் தண்ணீர் ஏறி உப்பாகிப் போன வேதாரண்யத்து வயல்களைப் பற்றி என்றாள் வானதி. ராஜாத்தி பிறந்த ஊரும் அந்தப் பக்கம்தான். தன் அப்பா அப்படிப் போன வயலில் மூன்று வருடம் விதைத்துப் பார்த்ததை அவள் சொல்ல, பச்சைக் கோடு முடிந்ததைக்கூட இருவரும் கவனிக்கவில்லை.

பிறகு ஜாஃபர் சாதிக் சொல்லச் சொல்ல, விண்டோஸ் இதையெல்லாம் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் வானதி கணக்கின் தற்காலிகப் பதிவை நீக்கி, பழைய பதிவின் பெயரைச் சரிசெய்து, மெஷினை அணைத்து மறுபடி போட்டார்கள்.

வானதி பாஸ்வேர்டை அடித்தாள். ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. கடைசி இயலைத் திறந்து, கடைசிப் பக்கம்வரை உருட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"எல்லாம் இருக்குக்கா."

ராஜாத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மொதல்ல ஒரு பென்டிரைவ்ல எடுத்து ஒன் பீரோவுல வச்சுப் பூட்டு. என்னை நம்பாத."

அந்த வருடத்தில் முதல்முறையாக அந்த வீட்டின் இரண்டு பக்கத்துக்கும் கேட்கும்படி வானதி சிரித்தாள்.