தும்மலுக்கு ஒரு பயன்

அன்று காலையும் டீ அவர்தான் போட்டார். என் தையல் மெஷின் மேல் டம்ளரை வைத்துவிட்டு வாசற்கதவைத் திறந்தார். வெயில் முகத்தில் பட்டதும் வழக்கம்போல் மூன்று தும்மல்.

"இன்னிக்காவது கண்டுபிடிச்சிட்டு வர்றேன் பாரு" என்று பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார். உயிரியல் வாத்தியார். பதினோரு மணிக்கு வகுப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். பிறகு எழுந்திருக்கவில்லை.

அவர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது அந்தத் தும்மலின் பயனை. மாமனாருக்கு இருந்தது, இவருக்கு வந்தது, எங்கள் மகளுக்கும் வந்தது.

"பரம்பரையா வருதுன்னா சும்மாவா? உயிர் பிழைக்க ஏதாவது உதவியிருக்கும்" என்றார், கல்யாணமான புதிதில்.

நான் சட்டைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். வளைவுக்கு வெளியே விழுந்த மூலைத்துண்டை நீட்டினேன்.

"இது எதுக்கு?"

"எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. கையை வெட்டினா இது தானா விழும். உங்க தும்மலும் அப்படித்தான்."

"வாத்தியாருக்கே பாடமா!"

பந்தயம் கட்டினோம். பயனைக் கண்டுபிடிக்கும்வரை காலை டீ அவர் பொறுப்பு. இருபத்தாறு வருஷம் போட்டார்.

"ஆதிமனுஷன் குகையிலேர்ந்து வெளிய வந்ததும் தும்மினா புலி பயந்து ஓடும்."

"இல்லேன்னா, சாப்பாடு இங்க இருக்குன்னு தேடி வரும்."

சிரித்துவிட்டு மறுநாளும் பாலை அடுப்பில் வைப்பார்.

போன வாரம் மகள் வந்திருந்தாள். அவள் பெண்ணுக்கு மூன்று வயது, தாத்தாவைப் பார்த்ததில்லை. வாசலுக்கு ஓடிய குழந்தை வெயிலில் நின்று தும்மியது. ஒன்று. இரண்டு. மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். மூன்று! இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். குழந்தை எங்களுக்காக நாலாவதாக ஒரு பொய்த் தும்மலும் போட்டுக் காட்டியது.

"அம்மா, நம்மள இப்படிச் சிரிக்க வைக்குதே, இதைவிட என்ன பயன் வேணும்? அப்பா ஜெயிச்சிட்டார்னு சொல்லிடும்மா. பாவம்."

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவர் இருந்தவரை ஒருநாளும் நான் விட்டுக்கொடுத்ததில்லை. இரக்கப்பட்டு இப்போது விட்டுக்கொடுத்தால், அவர் போய்விட்டதை நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

துணிப்பையிலிருந்து ஒரு மூலைத்துண்டை எடுத்தேன்.

"இதுல உன் பொண்ணோட பொம்மைக்குத் தொப்பி தைக்கலாம். அதுக்காகவா இது விழுந்துச்சு?"

"உன்கூட அப்பா எப்படித்தான் குடித்தனம் பண்ணாரோ!"

"டீ போட்டுக்கிட்டேதான்."

தொப்பி பொம்மைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. டீயை இப்போது நான்தான் போடுகிறேன். பந்தயத்தில் அவர் இன்னும் ஜெயிக்கவில்லை.