மருந்து அடித்த கை

திருமாறன் கடல் தொட்டி வாங்கி வந்த சேதி, அவன் லோரி லயத்து வீட்டு வரிசையின் வாசலுக்கு வந்து நிற்பதற்குள் எஸ்டேட் முழுக்கப் பரவிவிட்டது. பரவாமல் என்ன செய்யும்? மலை உச்சியில், நாலு பக்கமும் தேயிலை, குளிரில் பல் கிட்டுகிற ஊர். இங்கே உட்கார்ந்துகொண்டு கடல் மீன் வளர்க்கிறேன் என்று ஒருத்தன் கிளம்பினால் சனம் வாயை மூடிக்கொண்டு இருக்குமா? பக்கத்து வீட்டு மாரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னா தம்பி இது, உள்ளாற உக்காந்து குளிக்கிறதுக்கா?"

"மீனுத் தொட்டி, அக்கா. கடல் மீனு."

"சரியாப் போச்சுலா! மகளப் பறிகொடுத்து இன்னும் ரெண்டு வருசம் ஆகல. இப்ப மீனு கேக்குதா ஒனக்கு?"

அந்தப் பேச்சு அவனுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். தைக்கவில்லை. கொஞ்ச காலமாக அவனுக்கு எதுவும் தைப்பதில்லை. சோறு வைத்தால் தின்றான், லோரிச் சாவியைக் கொடுத்தால் ஓட்டினான். யாராவது சிரித்தால் நாமும் சிரிக்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்தான். "ஒரு கை புடி அக்கா," என்று மட்டும் சொன்னான். மாரியம்மா திட்டிக்கொண்டே பிடித்தாள்.

தொட்டி அவனுக்காக இல்லை, அவன் மனைவி அம்சவல்லிக்காக. அம்சவல்லி ஒரு காலத்தில் யார் என்று கேட்கிறீர்களா? அவள் வாய் திறந்தால் மேட்டு லயத்தில் தொடங்கும் வசவு பள்ளத்து லயம் வரைக்கும் கேட்கும். கங்காணியே அவளைக் கண்டால் ஒதுங்கிப் போவார். அப்படிப்பட்டவள் பேச்சை விட்டுவிட்டாள். மகள் நளினிக்குக் காய்ச்சல் கண்ட அன்று சாயந்திரம், "இப்ப தூங்கட்டும், நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்று சொன்னவள் அவள்தான். காலையில் கொண்டுபோனார்கள். நேரம் கடந்துவிட்டது. "நான்தானே நாளைக்குன்னு சொன்னேன், நான்தானே நாளைக்குன்னு சொன்னேன்," என்று காரியம் முடிகிற வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் சொல்வதில்லை. சமைப்பாள், துவைப்பாள், அடுப்படிச் சுவரைப் பார்த்து உட்காருவாள். ஃபேக்டரி வேலையையும் விட்டுவிட்டாள்.

தலைவலி என்று அவளைத் தானா ராத்தா டவுனில் ஒரு கிளினிக்குக் கூட்டிப்போயிருந்தான். அங்கே ஆட்கள் காத்திருக்கிற இடத்தில்தான் அந்தத் தொட்டி இருந்தது. பேரைக் கூப்பிட்டார்கள், அம்சவல்லி எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். அவள் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திரும்பி வரும்போது, லோரி வளைவில் ஏறிக்கொண்டிருக்கையில், வாயைத் திறந்தாள்.

"அந்தச் செவப்பு மீனு பூவுக்குள்ள போயிப் படுக்குது. பூவு அதக் கடிக்காதா?"

திருமாறன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவளாக ஒரு கேள்வி கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! தனக்குச் சந்தோஷமாக இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தான். தெரியவில்லை. ஆனால் லோரியைத் திருப்ப இடம் கிடைத்ததும் திருப்பிவிட்டான்.

நல்ல வேளை, கிளினிக் வேறு இடத்துக்கு மாறப்போகிறது, தொட்டியைத் தூக்கிப்போக ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். கவுண்டரில் இருந்த சசிரேகாதான் அதைப் பார்த்துக்கொண்டவள். படபடவென்று பேசுகிற பெண்.

"அண்ணே, இது சும்மா மீனு இல்ல, கல்லு, பூவு, றாலு, நத்தை எல்லாம் உசுரு. கல்ல காய விடாதீங்க. பழைய தண்ணியோட பால்டியில வச்சிக் கொண்டு போங்க. அடுப்படி உப்பப் போட்டுறாதீங்க, இந்தக் கடல் உப்புப் பாக்கெட்டுத்தான். ஒங்க ஊரு குளுரு, சூடு காட்டுற கம்பி ரெண்டு வையுங்க. வெளங்குதா?"

"வெளங்குது," என்றான். பாதிதான் விளங்கியது.

லயத்து வீட்டுத் தரை சாக்கடைப் பக்கமாகச் சரிந்திருக்கும். தொட்டியை வைத்தால் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி நின்றது. பலகைத் துண்டு வெட்டி முட்டுக் கொடுத்தான். கல் அடுக்கினான், சரிந்தது. மறுபடி அடுக்கினான். தண்ணீர் வடித்த கஞ்சி மாதிரி கலங்கி, மீன் இருக்கிற இடமே தெரியவில்லை. மாரியம்மா எட்டிப் பார்த்து, "போச்சுலா, எல்லாம் கொழம்புக்குத்தான்," என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் தண்ணீர் தெளிந்தது. கடல் பூ ஒவ்வொரு விரலாக விரித்தது. சிவப்பு மீன் இரண்டும் அதற்குள் புகுந்து படுத்தன. கொக்கு நிற வரி போட்ட சிவப்பு றால் கல்லின் மேல் ஏறி நின்று மீசையை ஆட்டியது. அம்சவல்லி அடுப்படிச் சுவரை விட்டுவிட்டு இந்தப் பக்கம் முகம் வைத்து உட்கார்ந்தாள்.

தண்ணீர் தினமும் கொஞ்சம் இறங்கும். உப்பு உள்ளேயே நிற்கும், தண்ணீர்தான் ஆவியாகும். அதனால் குறைகிறதுக்கு உப்பில்லாத தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது சசிரேகா சொன்ன பாடம். அந்த வேலையை அம்சவல்லி எடுத்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை, அவளாக எடுத்துக்கொண்டாள். காலையில் எழுந்ததும் முகம் கழுவி, தண்ணீர் ஊற்றி, "இன்னிக்கி றாலு தோலு உரிச்சிருக்கு," என்று ஒரு வார்த்தை சொல்லுவாள். ஒரு வெள்ளிக்கிழமை புளியும் சாம்பலுமாகப் பின்பக்கம் உட்கார்ந்திருந்தாள். கட்டிலுக்கடியில் பச்சை பூத்துக் கிடந்த செம்புக் குடம், அவள் அம்மா சீராகக் கொடுத்தது. தேய்த்துத் தேய்த்துத் தங்கமாக்கிவிட்டாள். மலைக்குழாய்த் தண்ணீரை அதில் பிடித்து வைத்து, மறுநாள் காலையில் தொட்டிக்கு ஊற்றினாள்; பிறகு தினமும் அப்படியே.

"செம்புத் தண்ணி ஒடம்புக்கு நல்லதுங்க," என்றாள்.

யார்தான் இல்லை என்பார்கள்? எஸ்டேட்டில் எந்த வீட்டில் கேட்டாலும் அதையேதான் சொல்லுவார்கள். திருமாறனும் தலையாட்டினான்.

முதலில் நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்தன. பிறகு ஒரு காலை றால் மல்லாந்து கிடந்தது. கடல் பூ சுருங்கிச் சுருங்கி ஒரு பழைய கையுறை போல ஆயிற்று. மீன்களுக்கு மட்டும் ஒன்றுமில்லை, படுக்க இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தன. அம்சவல்லி குடத்தைக் கீழே வைத்தாள்.

"நான் எதத் தொட்டாலும்..." என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்திவிட்டு, அடுப்படிக்குப் போய் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அன்று கோலா தெர்லா பக்கம் லோடு. போன் கிடைக்கிற இடத்தில் லோரியை ஓரங்கட்டி, சசிரேகாவைக் கூப்பிட்டான். அவள் உப்புக் கேட்டாள், சூடு கேட்டாள், எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"எதுலண்ணே தண்ணி புடிச்சி ஊத்துறீங்க?"

"கொடத்துல."

"பிளாஸ்டிக்கா?"

"செம்பு."

அந்தப் பக்கம் அவள் தலையில் அடித்துக்கொண்டது இங்கே கேட்டது. "ஐயோ அண்ணே! மீனு தாங்கிக்கும்லா. றாலு, நத்தை, பூவுக்கெல்லாம் செம்பு வெசம். அதுலயும் புளி போட்டுத் தேச்சி, ராவெல்லாம் தண்ணி வச்சா நல்லா எறங்கியிருக்கும். யாரு இந்த வேல பாத்தது?"

"நான்தான்," என்றான் திருமாறன். யோசிக்காமலே வந்துவிட்டது.

"தண்ணிய முக்காவாசி மாத்துங்க. செம்ப உறிஞ்சுற பஞ்சு ஒண்ணு இருக்கு, எடுத்து வைக்கிறேன், வந்து வாங்கிக்குங்க. பூவு பொழைச்சாலும் பொழைக்கும். இனிமே பிளாஸ்டிக் பால்டி மட்டும், சரியா?"

பஞ்சை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவன் ஒன்றைத்தான் உருட்டிக்கொண்டிருந்தான். சொல்லாமல் விட்டால், நாளைக்கும் அவள் அதே குடத்தைத்தான் எடுப்பாள். சொன்னாலோ, ஏற்கெனவே ஒரு சாவைத் தலையில் சுமந்துகொண்டிருக்கிறவள். அவள் ஆசையாகத் தேய்த்த குடம்தான் கொன்றது என்று தெரிந்தால், அந்தச் சுவரை விட்டு இந்த ஜென்மத்தில் திரும்பமாட்டாள்.

பின்பக்கமாகப் போய்க் குடத்தை எடுத்தான். கோயிலில் கும்பத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று லோரி சீட்டுக்குப் பின்னால் வைத்தான். பிறகு அடுப்படியில் போய் நின்றான்.

"அம்சா, தப்பு என்னோடது. புல்லுக்கு அடிக்கிற மருந்து டிரம்மு ஏத்திட்டு வந்த அன்னிக்கு, கல்லு சாஞ்சி கெடந்துச்சு. கை கழுவாம உள்ள வுட்டு நிமித்திட்டேன். அந்த மருந்துதான். சசிரேகா சொல்லிட்டா."

அம்சவல்லி திரும்பினாள். அவன் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். பிறகு வந்தது பாருங்கள்!

"மருந்து கையோடவா? மருந்து கையோடவா வுட்ட? ஏன்யா, நீ சோறு திங்கிற மனுசன்தானா? கல்யாணம் கட்டி வந்த நாளுலேர்ந்து கைய கழுவு, கைய கழுவுன்னு கத்துறேனே, காதுல என்னா ஈயமா? வாயில்லா ஜீவன்யா அது! தோலு உரிச்சி, மீசைய ஆட்டி, என் கையில வந்து சாப்புட்டுச்சேய்யா!"

பள்ளத்து லயத்தில் நாய் குரைத்தது. மாரியம்மா கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடிவந்து, "ஆரம்பிச்சிட்டாடி எங்க அம்சவல்லி!" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்று அழுதாள்.

திருமாறன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். எல்லாம் பொய்க்கு விழுகிற வசவு, அதனால் ஒன்றும் வலிக்கவில்லை. நல்லா திட்டட்டும் என்று நின்றான்.

"எதுலதான் நீ ஒழுங்கா இருந்த?" அவள் குரல் உடைந்தது. "அன்னிக்கு நான் நாளைக்குன்னு சொன்னேன். புத்தி கெட்டுச் சொன்னேன். நீயாச்சும் இல்ல, இப்பவே போலாம்னு சொல்லியிருக்கலாம்ல? லோரி வாசல்லதானேய்யா நின்னுச்சு! சாவி ஒன் சட்டையிலதானேய்யா இருந்துச்சு!"

இது தைத்தது. நேராக உள்ளே போய் நின்றது. அன்று சாயந்திரம் அவன் சட்டைப் பையில் சாவி இருந்தது. லோரி வாசலில் நின்றது. அவன் சரி என்று தலையாட்டிவிட்டு, சோறு தின்றுவிட்டுப் படுத்தான்.

"ஆமா," என்றான். "ஆமா அம்சா. சொல்லியிருக்கலாம்." மகளைத் தூக்கிப்போன அன்று வராத அழுகை, நெஞ்சைப் பிறாண்டிக்கொண்டு வந்தது. அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதான்.

அம்சவல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எழுந்து வந்து தொட்டியைப் பார்த்தாள். சுருங்கிய பூவுக்குப் பக்கத்தில் மீன்கள் இரண்டும் முட்டிக்கொண்டிருந்தன.

"என்னா செய்யணுமாம் இப்ப?"

"தண்ணி மாத்தணும். பிளாஸ்டிக் பால்டியில." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் கையை நீட்டினான்.

அந்தக் கையை அவள் தட்டிவிட்டாள்.

"மொதல்ல போயி கைய கழுவிட்டு வா."

அவன் பின்பக்கம் போனான். குழாயைத் திறந்து, சவக்காரத்தை எடுத்து, முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.