நம்பரை மட்டும் படிங்க

தராசு மெக்கானிக்குக்கு இந்த உலகத்தில் ஆகாத சொல் ஒன்று உண்டென்றால் அது 'கட்டணம்'. விலை என்றால் கொடுத்துவிடுவார். பேரம் பேசுவார், முணுமுணுப்பார், கடைசியில் கொடுத்துவிடுவார். கட்டணம் அப்படியா? பொருளும் கிடையாது, வேலையும் கிடையாது, நடுவில் எவனோ ஒருவன் கையை நீட்டுகிறான், அவனுக்கு அழவேண்டும். கடைகடையாகப் போய் எடை மெஷின்களைப் பிரித்து, கள்ள எடை காட்டும் தட்டுகளைச் சரிசெய்து பிழைக்கிற மனிதருக்கு அது எப்படிப் பொறுக்கும்?

அதனால்தான் மனைவியின் கண் ஆபரேஷனுக்காக வெளிநாடு கிளம்பும்போது தன் சிம் கார்டைக் கழற்றி அப்பாவின் போனில் போட்டுவிட்டு வந்தார். அந்த சிம்மை அங்கே கொண்டுபோனால் வருகிற அழைப்புக்கும் காசு, போகிற அழைப்புக்கும் காசு என்று யாரோ சொன்னதிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிருந்தது. ஆனால் வங்கி கார்டில் ஆன்லைனில் எதைக் கட்டினாலும் அந்த சிம்முக்குத்தானே ரகசிய நம்பர் வரும்? அதற்கும் ஒரு வழி செய்தார். இவர் விடுதி வைஃபையில் அப்பாவைக் கூப்பிட வேண்டியது, அப்பா நம்பரைப் படிக்க வேண்டியது. செலவு பூஜ்யம். விமானம் ஏறும்வரை தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஸ்டியரிங்கை விட்டதிலிருந்து வீட்டில் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. இந்த வேலை கிடைத்ததும் மனிதருக்கு நடையே மாறிவிட்டது. போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டு, குளிக்கப் போகும்போதுகூட அதை வாசல்படியில் வைத்துவிட்டுத்தான் போனார். ஒரு யோசனையும் அவரே சொன்னார்.

"எவனாவது உன்னை மாதிரி பேசி நம்பர் கேட்டா என்ன பண்றது? நான் 'சாப்பிட்டியா'ன்னு கேப்பேன். நீ 'உப்பு கம்மி'ன்னு சொல்லணும். சொன்னாத்தான் படிப்பேன்."

மகனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அப்பா சொல்வதில் விஷயம் இருக்கிறது என்று தலையாட்டினார்.

"மெசேஜ்ல நம்பருக்குக் கீழ நீளமா என்னென்னவோ வருதுடா. அதையும் படிக்கணுமா?"

"அதெல்லாம் வேண்டாம்பா. நம்பரை மட்டும் படிங்க."

மனைவி தையல்காரி. அவளுடைய வலது கண் போன வருஷமே அணைந்துவிட்டது. இப்போது இடது கண்ணிலும் விழித்திரை பிய்ந்துகொண்டிருந்தது. இந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அதை ஒட்டவைப்பார் என்று ஊர் டாக்டர் எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை காலை முழுப் பணத்தையும் கட்டினால் அன்றைக்கே ஆபரேஷன். கட்டாவிட்டால் அந்த இடம் அடுத்த நோயாளிக்குப் போகும். மறுபடி இடம் கிடைக்கிறவரை அந்தக் கண் தாக்குப்பிடிக்காது என்று இங்கேயும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்கள். வீட்டை அடகு வைத்த பணமும், அவள் ஊசி பிடித்துச் சேர்த்த பணமும் அந்த ஒரு கார்டில் இருந்தது.

விடுதி அறை என்னவோ பெட்டிக்குள் பெட்டி வைத்தது போல இருந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர். வைஃபை அறை வரைக்கும் வராது, கீழே வரவேற்பு நாற்காலிகளில் உட்கார்ந்தால்தான் கிடைக்கும். அங்கேதான் கோட்டுக்காரரைப் பார்த்தார்கள். சாம்பல் நிறக் கோட்டு, முழங்கையில் பளபளப்பு ஏறியது. அந்நிய ஊரில் காதில் தமிழ் விழுந்தால் யாருக்குத்தான் மனசு இளகாது?

"அண்ணே, அந்த மூலை மெஷின்ல பணம் எடுக்காதீங்க" என்றுதான் ஆரம்பித்தார். "உங்க பேங்க்கும் வெட்டும், அந்த மெஷின்காரனும் வெட்டுவான். ரெண்டு பக்கமும் கத்தி. இன்னொண்ணு, எந்தக் கடையில கார்டைப் போட்டாலும், 'உங்க நாட்டுப் பணத்துல கட்டுறீங்களா, இந்த நாட்டுப் பணத்துலயா'ன்னு கேப்பான். இந்த நாட்டுப் பணம்னே சொல்லுங்க. நம்ம பணத்துல காட்டுறேன்னு சொல்லித்தான் ரேட்டுல ஏமாத்துவான்."

மெக்கானிக் அன்றே சோதித்துப் பார்த்தார். அத்தனையும் உண்மை. சொந்தத் தம்பிகூட இவ்வளவு சொல்லிக் கொடுக்கமாட்டான் என்று மனைவியிடம் பெருமை அடித்துக்கொண்டார். அந்த மனிதர் பதிலுக்கு ஒரு டீகூட வாங்கிக் குடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஸ்கேனுக்கு ஆன்லைனில் பணம் கட்டவேண்டியிருந்தது. வரவேற்பில் பொதுவாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு கையில் போன், மறு கையில் கார்டு, கண்ணாடி மூக்கு நுனியில். மெக்கானிக் திண்டாடுவதைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கண்ணே, நான் அடிக்கிறேன்" என்று கோட்டுக்காரர் கீபோர்டை இழுத்துக்கொண்டார். மெக்கானிக் கார்டின் முன்பக்கத்தைப் படித்தார். பின்பக்கத்தையும் படித்தார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டார். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில், கத்தி.

"சாப்பிட்டியா?"

"உப்பு கம்மி! நம்பரைப் படிங்கப்பா!"

அப்பா ஒவ்வொரு எண்ணாக, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒவ்வொருவராக பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவது போலப் படித்தார். "சரி சரி" என்று சொல்லி மகன் போனை வைத்தார்.

"என்னண்ணே, தினமும் உப்பு கம்மியா?" என்று கோட்டுக்காரர் சிரித்தார்.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தன் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தால் எந்த மனிதன் வாயைக் கட்டுவான்? மெக்கானிக் அந்த ஏற்பாட்டை ஒன்றுவிடாமல் விளக்கினார். கோட்டுக்காரர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து கேட்டார்.

"அப்பா மூளைக்காரர்தான்" என்றார்.

சனிக்கிழமை காலை வரவேற்பில் வைஃபை செத்துக் கிடந்தது, வயர் இழுத்த கம்ப்யூட்டர் மட்டும் ஓடியது. மருந்துக்குப் பணம் கட்டவேண்டும். கோட்டுக்காரர் யோசிக்காமல் தன் போனை நீட்டினார். "இதுல பேசுங்கண்ணே. எனக்கு இதுக்குத் தனியா காசு ஆகாது." காசு ஆகாது என்ற சொல் காதில் விழுந்ததும் மெக்கானிக் வாங்கிக்கொண்டார். "இது யார் நம்பர்டா?" என்று அப்பா கேட்டார். "இதுவும் என் நம்பர்னே வெச்சுக்கங்க" என்றார் மகன். அப்பா பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து அந்த நம்பரை 'மகன் வெளிநாடு' என்று பதிந்துகொண்டார்.

"ஆபரேஷன் பணத்தை இன்னைக்கே கட்டிடலாமா?" என்று மனைவி கேட்டாள். "கையில வெச்சுக்கிட்டு ஏங்க பயந்துகிட்டே இருக்கணும்?"

மெக்கானிக் பதில் சொல்வதற்குள் கோட்டுக்காரர் சொன்னார். "சனி ஞாயிறு பணம் மாத்துற சந்தை மூடியிருக்கும்க்கா. கார்டு கம்பெனி கூடுதலா ஒரு சதவீதம் போடும். பெரிய தொகை. திங்கக்கிழமை கவுண்டர்லயே கட்டிடுங்க."

அந்த ஒரு சதவீதத்தை மெக்கானிக் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். வயிறு எரிந்தது. "திங்கக்கிழமைதான்" என்று முடிவு சொல்லிவிட்டார்.

அறைக்கு வந்ததும் மனைவி கட்டிலில் சுவரைப் பிடித்து உட்கார்ந்தாள். அவளுக்கு இப்போது ஆட்கள் நிழலாகத்தான் தெரிந்தார்கள். குரலை வைத்துத்தான் இன்னார் என்று கண்டுகொண்டாள்.

"என்னங்க, அவர் முதல் நாள் பேசினப்போ குரல் வேற மாதிரி இருந்துச்சு. இப்ப உங்களை மாதிரியே பேசறார். நீங்க இழுக்கற இடத்துல இழுக்கறார். காலையில 'அப்பா மூளைக்காரர்'னு மறுபடி சொன்னாரே, நீங்கன்னு நினைச்சு நான் திரும்பினேன்."

"சேர்ந்து பேசினா அப்படித்தான் ஒட்டிக்கும்."

"நாம ரெண்டு நாளாத்தானே பேசறோம்?"

"உனக்குக் கண்ணு சரியாகட்டும், எல்லாம் சரியாத் தெரியும்" என்றார் அவர். சொன்ன பிறகு அது குரூரமாகப் பட்டது. வெளியே தாழ்வாரத்தில் யாரோ நடந்துவந்து, அவர்கள் கதவுக்கு முன்னால் நின்று, பிறகு நடந்துபோனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வரவேற்பில் வைஃபை திரும்பியிருந்தது. கோட்டுக்காரர் இல்லை. ஊர் சுற்றப் போயிருப்பார் என்று மெக்கானிக் நினைத்தார். மனைவி, "மாமாவைக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசுங்களேன்" என்றாள். "இன்னைக்கு நம்பர் எதுவும் வேண்டியதில்லையே" என்றார் அவர். பொய்யில்லை. நம்பர் வேண்டாத நாளில் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசுகிற வழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சாயங்காலம் வரைக்கும் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. ஒருமுறை விடுதிக்காரியிடம் சைகையில் கோட்டைக் காட்டிக் கேட்டார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அப்படி ஒருவர் அங்கே தங்கவே இல்லையாம்.

அப்போதுதான் அவர் முதல்முறையாகக் கார்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ரகசிய நம்பர் இல்லாமல் கார்டிலிருந்து ஒன்றும் போகாது, நம்பர் அப்பாவிடம் பத்திரமாக இருக்கிறது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு படுத்தார்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் மனைவிக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, மணிக்கட்டில் பட்டை கட்டி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். தலைமுடியை ஒரு பச்சைத் தொப்பிக்குள் திணித்திருந்தார்கள். பணம் கட்டியதற்கான ரசீது வந்ததும் உள்ளே தள்ளிக்கொண்டு போவதற்கு நர்ஸ் பின்னால் தயாராக நின்றாள்.

கவுண்டரில் மெஷின் கேட்டது: எந்த நாட்டுப் பணம்? மெக்கானிக் இந்த நாட்டுப் பணத்தைத் தொட்டார். ரகசியக் குறியீட்டை அழுத்தினார். மெஷின் கூவிவிட்டு ஒரு சீட்டைத் துப்பியது. கவுண்டர்ப் பெண் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். இன்னொரு தடவை. மறுபடியும் அதே கூவல். பாதிப் பணத்துக்குப் போட்டுப் பார்த்தாள். கால்வாசிக்குப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் கார்டை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

மெக்கானிக் ஆஸ்பத்திரி வைஃபையில் அப்பாவைக் கூப்பிட்டார்.

"அப்பா!"

"சொல்லுடா. சாப்பிட்டியா?"

"அதெல்லாம் இருக்கட்டும்பா. நேத்து யாராவது உங்களை..."

"ம்ஹூம். பதில் சொல்லு முதல்ல" என்று அப்பா சிரித்தார். "சாப்பிட்டியா?"

"உப்பு கம்மி."

"அப்படி வா வழிக்கு. இப்பத்தான் இன்னொரு நம்பர் வந்துச்சு. நீ கூப்பிடுவேன்னு கையிலயே வெச்சிருக்கேன். படிக்கட்டா?"

மெக்கானிக் எந்த நம்பரையும் கேட்டிருக்கவில்லை.

"படிக்காதீங்க! நேத்து எத்தனை நம்பர் படிச்சீங்க?"

"நீ கேட்டதெல்லாம் படிச்சேன். உன்னோட இன்னொரு நம்பர்லேர்ந்து கூப்பிட்டியே. மதியச் சாப்பாட்டுக்குக்கூட எந்திரிக்கலைடா நான். ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை பார்த்துத்தான் படிச்சேன்." அப்பாவின் குரல் இறங்கியது. வெட்கப்படுவது போல இருந்தது. "கடைசியில சொன்னியே, 'நீங்க இல்லேன்னா நான் என்னப்பா பண்ணுவேன்'னு. நீ அப்படியெல்லாம் பேசுற ஆளே கிடையாதா, எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. பக்கத்து வீட்டுல கூடச் சொன்னேன்."

மெக்கானிக் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பணத்தை எடுத்தவன் மேல் வந்த ஆத்திரத்தைவிட, அந்த வார்த்தையைச் சொன்னவன் மேல் வந்த ஆத்திரம் பெரிதாக இருந்தது. தான் ஒரு நாளும் சொல்லாத வார்த்தை. அதைத் தன் குரலில் எவனோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், அப்பா இரவெல்லாம் அதை வைத்துக்கொண்டு மகிழ்ந்திருக்கிறார். அது நானில்லை என்று சொல்ல வாய் திறந்தார். வேறொன்றுதான் வந்தது.

"அப்பா. இனிமே அந்த நம்பர் எதையும் யாருக்கும் படிக்காதீங்க. நானே கேட்டாலும் படிக்காதீங்க."

"நீயே கேட்டாலுமா?"

"நானே கேட்டாலும்."

கவுண்டர்ப் பெண் அவருடைய தோளுக்கு மேலாகப் பார்த்து அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். நர்ஸ் குனிந்து மனைவியின் மணிக்கட்டுப் பட்டையைக் கத்தரியால் வெட்டினாள். மனைவி அவர் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பி, மருந்து வழியும் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்.

போனில் அப்பா மெல்லக் கேட்டார்.

"ஏண்டா, நான் ஏதாவது தப்பாப் படிச்சிட்டேனா?"

"இல்லப்பா" என்றார் மெக்கானிக். "எல்லாம் சரியாத்தான் படிச்சீங்க."