பலகையில் எழுத வேண்டிய வாரம்

இப்போதெல்லாம் எவனும் ஆற்றைப் பார்த்து ஆற்றுக்கு வருவதில்லை. போனைப் பார்த்து வருகிறான். லீவு எப்போது, விமானம் எப்போது, அறை எப்போது காலி என்று பார்க்கிறான். அந்த நாளில் மீனும் தயாராக நிற்க வேண்டுமாம். மீன் என்ன இவன் வீட்டு வேலைக்காரியா?

எங்கள் ஸோச்சா ஆற்று மீன்பிடிச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தூண்டில் முள்ளில் இறகைக் கட்டி ஈ மாதிரி செய்து மீன் பிடிக்க எந்த வாரம் நல்லது என்று ஸோஃப்காவின் விடுதிப் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதுவோம். எழுதுகிறவன், போன வருடம் ஆற்றில் அதிக நாள் நின்ற வழிகாட்டி. மே மாதம் எழுதினால் அடுத்த மே முடியும்வரை நிற்கும். விருந்தாளிகள் அதை நம்பித்தான் வருவார்கள். பத்தொன்பது வருடமாக நான்தான் எழுதினேன். பத்தொன்பது வருடமும் செப்டம்பர் மூன்றாவது வாரம்.

இந்த வருடம் சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்தபோது சங்கத் தலைவன் சிரில் வந்து நின்றான்.

"மாமா, இந்தத் தடவை மே ரெண்டாவது வாரம்னு எழுதுங்க. மே மாசம் பூரா ஸோஃப்கா அக்கா விடுதி காலியா கெடக்கு."

"அதுக்கு மீன் என்னடா பண்ணும்? மேல பனி உருகி தண்ணி பால் மாதிரி வரும். என்ன மிதக்குதுன்னே மீனுக்குத் தெரியாது. எழுத மாட்டேன்."

"எழுதலேன்னா சட்டையில குத்தியிருக்கற வழிகாட்டி வில்லையைக் கழட்டிக் குடுத்துரணும். கமிட்டி முடிவு."

"உங்கப்பன் ரஃபேல் இருந்திருந்தா உன்னை ஆத்துல தள்ளியிருப்பான்."

ஸோஃப்கா மேசையைத் துடைத்துக்கொண்டே, "இங்க கத்தாதீங்க. நாளைக்கு ஆத்துலயே போய்ப் பாத்துக்குங்க" என்றாள்.

"மீன் மேல வந்து ஈயை எடுத்தா எழுதறேன்" என்றேன்.

"மீன் மாட்டினா எழுதணும்" என்றான் அவன்.

அதற்குள் பிராந்தி வந்துவிட்டது. கை குலுக்கினோம். அவன் சொன்னதற்கு அவன் குலுக்கினான், நான் சொன்னதற்கு நான்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. இரவுக் குளிரில் மலைப்பனி உருகியிருக்கவில்லை. ஆற்று நடுவிலிருக்கும் குதிரைத்தலைப் பாறை பாதிக்கு மேல் தெரிந்தது. சிரில் மிதக்கும் ஈயாகப் போட்டான். ஐந்து மணி நேரம். தண்ணீரில் ஒரு வட்டம்கூட எழவில்லை. நான் கரையில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றேன்.

நண்பகலில் வெயில் வேலையைக் காட்டியது. பாறை முழுகியது. ஆறு வெளுத்தது.

சிரில் பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்தான். முயல் தோலில் செய்தது, என் நடுவிரல் நீளம். தண்ணீரில் விழுந்ததும் கல் மாதிரி அடிக்குப் போயிற்று. மூன்றாவது வீச்சில் கோல் வளைந்தது. இருபது நிமிடம் போராடிக் கரைக்குக் கொண்டுவந்தான். பளிங்கு ட்ரௌட், எங்கள் ஆற்றின் பெரிய மீன்.

"அறுபத்து மூணு சென்டிமீட்டர்" என்றான்.

அவன் நாடாவை நான் நம்பவில்லை. என் நாடாவை எடுத்து அளந்தேன். அறுபத்தொன்று. அழகான மீன். இல்லையென்று சொல்ல நான் குருடனில்லை. அளந்ததும் தண்ணீரில் விட்டோம்.

"எழுதுங்க மாமா."

"என்னத்தைப் பாத்துடா அது கடிச்சுது?"

"பாத்தா என்ன, பாக்காட்டி என்ன? மீன் மீன்தானே."

"செப்டம்பர்ல தண்ணி கண்ணாடி. மீன் ஈயைப் பாக்கும், நூலைப் பாக்கும், உன் மூஞ்சியையும் பாக்கும். பாத்துட்டு வேணாம்னு போயிரும். பத்துல ஒண்ணு மேல வந்து எடுக்கும். அந்த ஒண்ணுக்குத்தான் மனுஷன் அவ்வளவு தூரத்துலேருந்து வர்றான். இன்னிக்கு நீ கண்ணு தெரியாதவன் வாயில தோலைத் திணிச்சே."

"மாட்டிச்சா இல்லியா, அதைச் சொல்லுங்க."

"மாட்டிச்சு. மேல வரலை."

விடுதிக்குத் திரும்பியதும் ஸோஃப்கா சுண்ணக்கட்டியை நீட்டினாள். "கை குடுத்தியே ஃபெர்டோ."

"நான் வேறதுக்குக் குடுத்தேன்."

சட்டையிலிருந்து பித்தளை வில்லையைக் கழற்றி அவள் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஊசி துருப்பிடித்துத் துணியோடு ஒட்டியிருந்தது. பிடுங்கியதில் சட்டை கிழிந்தது.

சிரிலுக்கு முகம் மாறிவிட்டது. "மாமா, ஒரு வரி எழுதறதுக்கு இவ்வளவு வீம்பா?"

"ஒரு வரிதானே. நீயே எழுது. கீழ உன் பேரையும் எழுது. வந்தவன் பாலைப் பாத்துட்டுத் திட்டறப்ப யாரைத் திட்டறதுன்னு அவனுக்குத் தெரியணும்."

அவன் எழுதினான். மே இரண்டாவது வாரம். பேரை எழுதவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வெளியே வந்து பாலத்தில் ஏறினேன். சாயங்காலத் தண்ணீர் இன்னும் ஏறியிருந்தது. பாறை இருந்த இடத்தில் நுரைதான் தெரிந்தது. சிரில் வாசலில் நின்று ஏதோ கூப்பிட்டான். அறுபத்தொன்று, அறுபத்து மூன்றில்லை என்று திரும்பாமலே சொல்லிவிட்டு நடந்தேன்.