குசினி என்னும் கோப்புறை

1. தோற்றுவாய்

இக்கதை ஒரு நீக்கப்பட்ட பதிவிலிருந்து பிறந்தது.

லினக்ஸ் கற்போருக்கான தமிழ் இணையக் களம் ஒன்று உண்டு. அங்கே உதவி கேட்போர் மூன்று வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். நீங்கள் என்ன செய்தீர்கள்? என்ன நடக்கும் என எதிர்பார்த்தீர்கள்? என்ன நடந்தது? மெல்பேர்னின் மல்கிரேவ் பகுதியில் வசிக்கும் ஜெயரட்ணம் என்னும் அறுபத்தாறு வயதினர், முதல் வினாவுக்கே நான்கு பக்கங்கள் எழுதினார். களத்தை மேற்பார்வை செய்யும் ஜெகதீஷ் என்பவர் கோயம்புத்தூரிலிருந்து மறுமொழி இட்டார்: “சார், தப்பா எடுத்துக்காதீங்க. பிரச்சினையை மட்டும் எழுதுங்க. கதை வேண்டாம்.”

அன்றே மூன்றே முக்கால் பக்கங்கள் நீக்கப்பட்டன. நீக்கப்படுவதற்கு முன் அவற்றை நான் படித்திருந்தேன். வேண்டாம் எனப்பட்ட கதையையும் யாராவது எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

(எவ்வாறு படித்தேன் என்பதை நான்காம் பகுதியில் கூறுவேன். நூலாசிரியர்கள் இவ்விதம் தள்ளிவைப்பது வழக்கம். நான் அண்மையில்தான் கற்றுக்கொண்டேன்.)

2. தொடக்கங்கள்

முதல் தொடக்கம்: “வட்டுப் பிரிவினை என்பது, ஒரு வீட்டினுள் சுவர் எழுப்பி அறைகள் ஆக்குவது போல, ஒரே வட்டைப் பல—”

கைவிட்டேன். வரைவிலக்கணத்தில் பிழையில்லை. ஆனால் அந்த வீட்டில் ஆள் இல்லை.

இரண்டாம் தொடக்கம்: “அன்று வானம்—”

மெல்பேர்னில் வானத்தைப் பற்றித் தொடங்கினால் வாக்கியம் முடிவதற்குள் அது மாறிவிடும். இதையும் கைவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம் நிலைத்தது.

2011ஆம் ஆண்டில் ஜெயரட்ணமும் அவருடைய மனைவி யோகாவும் சிட்னியின் பென்டில் ஹில்லில், புகையிரதப் பாதையை ஒட்டிய அடுக்குமாடி ஒன்றில் குடியிருந்தனர். அவருக்குப் பின்னேரம் அலுவலகங்களில் துப்புரவு வேலை, இரவில் பாண் என்னும் ரொட்டி சுடும் தொழிற்சாலையில் வேலை. அவளுக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பகல் வேலை. அவர் காலை ஏழு மணிக்கு வீடு திரும்பும்போது அவள் ஆறு மணி ரயிலில் போயிருப்பாள். அவள் பின்னேரம் நாலரைக்குத் திரும்பும்போது அவர் புறப்பட்டு அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். கட்டிலின் ஒரு பக்கம் எப்போதும் யாரோ எழும்பிப்போன சூட்டோடு இருந்தது.

சமையலறையில், அவர்கள் பேச்சில் குசினியில், மேசைமேல் ஒரு மடிக்கணினி கிடந்தது. ஒரு காலை ஜெயரட்ணம் மூக்குக்கண்ணாடியைத் தேடிச் சலித்து, துண்டுக் கடதாசியில் எழுத வேண்டியதை அந்தக் கணினியிடம் வாயாற் சொல்லிப் பதிந்து வைத்தார்.

“யோகா, பால் முடிஞ்சுது. நான் வாங்கி வைக்கிறன். மற்றது ஒண்டும் இல்லை. சரி, வைக்கிறன்.”

வைப்பதற்கு அங்கே தொலைபேசி எதுவும் இல்லை. வெளிநாட்டு அழைப்பு அட்டைகளில் பேசிப் பழகிய வாய் அது. அன்று பின்னேரம் யோகா தனியாக நின்று சிரித்தாள். மறுநாள் விடிய அவள் பதிந்தது: “என்னத்தை வைக்கிறியள்? மீன் குழம்பு கிடக்கு. சூடாக்காமல் தின்னாதேங்கோ.”

இவ்வாறு மூன்று ஆண்டுகள். எண்ணூறுக்குச் சற்று மேற்பட்ட பதிவுகள். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் வீட்டில் இருந்தமையால் ஞாயிறுகளுக்குப் பதிவு இல்லை. எல்லாம் “குசினி” என்னும் ஒரே கோப்புறையில் இருந்தன. முக்கியமான செய்தி என்று ஒன்றேனும் அவற்றில் இல்லை. பின்னணியில் கேத்தல் கொதிக்கும். வெளியே ரயில் போகும். சில வேளை ஒருவர் பேச ஒன்றும் இல்லாமல் சும்மா மூச்சு விடுவது மட்டும் கேட்கும்.

(இங்கே ஓர் உவமை வர வேண்டும். தேடினேன். அகப்படவில்லை. இடத்தை வெறுமையாக விடுகிறேன்.)

3. பிழை நிகழ்ந்த விதம்

மல்கிரேவுக்குக் குடிபெயர்ந்து, வேலையிலிருந்தும் ஓய்வு பெற்ற பின், ஜெயரட்ணம் கிளென் வேவர்லி நூலகத்திலிருந்து லினக்ஸ் பற்றிய நூல் ஒன்றை இரவல் பெற்று வந்தார். பழைய மடிக்கணினி மிகவும் தளர்ந்திருந்தது. உள்ளே இருப்பவற்றை அழிக்காமல், அவற்றுக்கு அருகிலேயே புதிய இயங்குதளத்தைக் குடியமர்த்தலாம் என்று அந்நூலின் நான்காம் அத்தியாயம் கூறிற்று. அது அவருக்குப் பிடித்திருந்தது.

அவ்வீட்டில் குளிர்சாதனப் பெட்டி வாங்கினாலும் வேலைக்கு விண்ணப்பம் அனுப்பினாலும் கோயில் கலண்டரைப் பாராமல் செய்வதில்லை. பார்த்துச் சொல்வது யோகாவின் பொறுப்பு.

“வியாழக்கிழமை பத்தரை தொடக்கம் பதினொன்றே கால் மட்டும் நல்ல நேரம். அதுக்குப் பிறகு தொடாதேங்கோ.”

“இதென்ன, குடிபூரலே?”

“புதுசா ஒண்டு குடிவருகுதுதானே.”

“அப்ப பாலும் காய்ச்சுவீரோ?”

“தேத்தண்ணிக்குக் காய்ச்சுறன். அதைச் சேத்துக்கொள்ளுங்கோ.”

தை மாதத்து வியாழன் அது. பதினொன்று பன்னிரண்டுக்குத் திரை ஒரு வினாவைக் கேட்டது. இருப்பதன் அருகே நிறுவுவதா, வட்டு முழுவதையும் அழித்து நிறுவுவதா? அருகே நிறுவினால் எந்தப் பிரிவுக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்று ஜெயரட்ணம் கடதாசியில் வகுத்துக்கொண்டிருந்தார். குசினியிலிருந்து குரல் வந்தது.

“இஞ்சேருங்கோ, மூண்டு நிமிசம்தான் கிடக்கு. கெதியா அமத்துங்கோ.”

அவர் அமத்தினார். இரண்டாவது பொத்தானை.

நான்கு வினாடிகளில் அவருக்கு விளங்கிற்று. நெஞ்சுக்குள் ஏதோ படியிறங்கியது போல இருந்தது. பாய்ந்து மின்வயரை இழுத்தார். பற்றரி எப்போதோ செத்த இயந்திரம், உடனே அணைந்தது. மீண்டும் ஏற்றியபோது கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண் சிமிட்டியது. துவங்குவதற்கு வட்டில் எதுவும் இல்லை என்பதே அதன் பொருள்.

“முடிஞ்சுதே?” என்றாள் யோகா, தேத்தண்ணியோடு வந்து.

“கொஞ்சம் வேலை கிடக்கு,” என்றார்.

4. ஒரு கதாபாத்திரம் பற்றிய ஐயம்

முதல் வரைவில் யோகா தேத்தண்ணி கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். பிறகு கதையில் அவளுக்கு வேலையே இல்லை. ஜெயரட்ணம் தனியே போராடுகிறார். வாசிப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் கவனமான வாசகர் கேட்பார்: நான்கு வினாடி என்று இந்த ஆசிரியருக்கு எப்படித் தெரியும்? நெஞ்சுக்குள் படியிறங்கியதை யார் கண்டது?

குரல் கொடுத்த கையோடு தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து வந்து கதவடியில் நின்றவள் கண்டாள். யோகா நான்தான்.

தாம் கைபேசியில் எழுதிய நான்கு பக்கங்களைத் திறந்தபடியே விட்டுவிட்டு அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கண்ணயர்ந்தார். படித்தேன். “குசினி கோப்புறை போய்விட்டது, மனுசிக்குத் தெரியாது” என்ற வரியை இரண்டு முறை படித்தேன். பிறகு அவருடைய நூலை எடுத்தேன். அவர் நான்காம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. நான் ஒன்பதாம் அத்தியாயம் வரை முடித்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். அத்தியாய இறுதியில் பயிற்சி வினாக்கள் உள்ள ஒரு நூல் என் கைக்கு வந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு வினாவையும் விடவில்லை. விடைகளைப் பின்பக்கத்தோடு ஒப்பிட்டேன். இரண்டுதான் பிழை.

அதன் பின் என் கைபேசியிலிருந்து அதே களத்தில் “கற்பவர்” என்னும் பெயரிற் சேர்ந்து அவருக்கு மறுமொழி எழுதத் தொடங்கினேன். பேசுவது போல் எழுதினால் ஒரே வரியில் என்னைப் பிடித்துவிடுவார். ஆகவே நூலின் நடையில் எழுதினேன். இக்கதையும் அந்நடையிலேயே வருவதற்கு அதுதான் காரணம், கை பழகிவிட்டது.*

* கதைக்குள் அவள் யோகா. கதையைப் பற்றிப் பேசும்போது மட்டும் நான். இந்தப் பிரிவினை எனக்கு வசதியாக இருக்கிறது.

ஏன் நேரே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அன்று பின்னேரம் கோயில் கலண்டரை மீண்டும் பார்த்தேன். அடியில் எறும்பளவு எழுத்தில் ஒரு வரி இருந்தது: கோடைகாலத்தில் ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள்க. இங்கே தை மாதம் கோடை; கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியிருப்பார்கள். ஆகவே நல்ல நேரம் தொடங்கியதே பதினொன்றரைக்குத்தான். தொடங்காத நேரம் முடியப்போகிறது என்று நான் அவரை அவசரப்படுத்தியிருந்தேன்.

5. கற்பவரின் அறிவுரைகள்

“துவங்காத கணினியைத் துவக்க முயல வேண்டாம்,” என்று கற்பவர் எழுதினார். “அழிக்கப்பட்ட கோப்புகள் மேலே வேறு எதுவும் எழுதப்படும்வரை வட்டிலேயே தங்கியிருக்கும். தாங்கள் மின்வயரை இழுத்தமை நன்று. நிறுவுவதற்குப் பயன்படுத்திய யுஎஸ்பி குச்சியிலிருந்தே லினக்ஸை இயக்குக. மீட்பு மென்பொருளை இறக்குக. மீண்டவற்றை வேறொரு வட்டில் சேமிக்கவும்.”

குச்சியிலிருந்து கணினி எழும்பிற்று. ஆனால் வீட்டு வைஃபையை அதற்கு அடையாளம் தெரியவில்லை. இணையம் இல்லாமல் மென்பொருள் இல்லை. கைபேசியின் இணையத்தைக் கேபிள் வழியாகக் கணினிக்குக் கொடுக்கலாம் என்று கற்பவர் எழுதினார். ஜெயரட்ணம் கேபிளைச் செருகினார். கைபேசி மின்னேறியது, இணையம் மட்டும் வரவில்லை. அரை நாள் அமைப்புகளைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

பத்தாம் அத்தியாயத்தை அப்போதுதான் யோகா படித்துக்கொண்டிருந்தாள். சில கேபிள்கள் மின்னை மட்டும் கடத்தும்; தரவைக் கடத்தா. அவள் தன் கைபேசியோடு வந்த கேபிளை எடுத்து, அவர் பல் தீட்டப் போன நேரம், மேசையில் பழையதன் இடத்தில் வைத்தாள்.

“இந்தக் கேபிள் ஆர் வைச்சது?”

“எனக்கென்ன தெரியும்? அது அங்கைதான் கிடந்தது.”

“முந்தி கறுப்பாக் கிடந்தது.”

“கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கோ.”

இணையம் வந்தது. மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி அவர் மகிழ்ச்சியாக இருந்தார்.

“அந்தக் கற்பவர் எண்ட பொடியன் கெட்டிக்காரன், யோகா.”

“எந்தப் பொடியன்?”

“இந்தியாப் பொடியன் போலை. புத்தகம் மாதிரிக் கதைக்கிறான். கலியாணம் ஆகேல்லை எண்டு நினைக்கிறன்.”

“அதென்னெண்டு தெரியும்?”

“எப்ப கேட்டாலும் உடனை பதில் போடுறான்.”

யோகா அவருக்கு இன்னும் ஒரு கரண்டி பருப்பு வைத்தாள்.

6. மீட்பு

மென்பொருள் ஆறு மணித்தியாலம் ஓடியது. இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் மீண்டன. புதிய இயங்குதளம் அந்தச் சில வினாடிகளில் மேலே எழுதியதில் மிகுதி அழிந்திருந்தது. மீண்டவற்றுக்கும் பெயரும் நாளும் இல்லை, இலக்கங்கள் மட்டுமே. 2011 எது, 2013 எது என்று இனி ஒருவராலும் கூற இயலாது.

அடுத்த அறையில் யோகா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அப்பாலிருந்து ஒரு பெண் பேசினாள். அவளை விட இளைய குரல்.

“இண்டைக்கு ரயில் ஒரு மணித்தியாலம் பிந்தும் எண்டவங்கள். உங்களைக் கண்டிட்டுப் போவம் எண்டு பத்து நிமிசம் நிண்டு பாத்தனான். காணேல்லை. சரி, போட்டு வாறன்.”

உடனே ஒலி குறைக்கப்பட்டது. பிறகு, மிக மெல்ல, அதே பதிவு மறுபடி ஓடியது. பிறகு மறுபடி.

நான் மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தேன். (பிரிவினை இவ்விடத்தில் உடைந்துவிட்டது. திருத்தவில்லை.)

சற்று நேரத்தில் களத்தில் ஒரு பதிவு வந்தது. ஜெகதீஷ் இன்னும் அதைக் காணவில்லை.

“தம்பி கற்பவர், இருநூற்றிப் பன்னிரண்டு வந்தது. மிச்சம் வராது எண்டு நீங்கள் சொல்லாமலே விளங்குது. மனுசி இதுகளைக் கேட்டு எத்தினையோ வருசம், மறந்தும் இருப்பா. ஆனால் வேலையாலை வந்து, சப்பாத்தும் கழட்டாமல் நிண்டு நான் கேட்ட குரல் அது. அந்த மூண்டு வருசமும் எனக்கு வீடு எண்டது அதுதான். இதை அவவுக்குச் சொன்னதில்லை. துலைச்சுப்போட்டன் எண்டதை எப்பிடிச் சொல்லுறது? ஒரு வழி எழுதுங்கோ.”

7. முடிவுகள்

முதல் முடிவு: கற்பவர் நூல்நடையில் விடை எழுதுகிறார். “அன்பரே, உண்மையை உரைத்தலே—” இப்படி ஒரு பொடியன் எழுதினால் ஜெயரட்ணம் நம்புவார். எனக்குத்தான் எழுத வரவில்லை.

இரண்டாம் முடிவு: யோகா எழும்பி அடுத்த அறைக்குப் போகிறாள். பன்னிரண்டு அடி தூரம். கதவடியில் நின்று, “இஞ்சேருங்கோ—” என்கிறாள். அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை. நானூறு முறை ஆளில்லாத குசினியில் சரளமாகப் பேசியவள்.

மூன்றாம் முடிவை விடைப்பெட்டியில் தட்டி வைத்திருக்கிறேன். நூல்நடையில் அல்ல.

“நல்ல நேரம் பதினொன்றரைக்குத்தான் தொடங்கினது. ஒரு மணித்தியாலம் கூட்ட மறந்தது நான். கேபிள் வைச்சதும் நான். சோறு மேசையிலை கிடக்கு, சூடாக்கிச் சாப்பிடுங்கோ. சரி, வைக்கிறன்.”

கடைசி இரண்டு சொற்களும் போதும், அவர் அறிந்துகொள்வார். ஆனால் இதை அனுப்பினால் கலியாணம் ஆகாத அந்தக் கெட்டிக்காரப் பொடியன் இல்லாமற் போவான். அவனிடம் அவர் சொன்னவற்றை என்னிடம் சொல்வாரா என்பது எனக்குத் தெரியாது. நாற்பது வருடத்தில் சொன்னதில்லை. அனுப்பாவிட்டால், இன்னும் சிலவற்றைச் சொல்லக்கூடும். நான் இன்னும் சிலவற்றைக் களவாய்க் கேட்கக்கூடும்.

நூலின் பின்பக்கத்தைப் புரட்டினேன். இதற்கு விடை தரப்படவில்லை.

சுவருக்கு அப்பால் அவர் பக்கத்தைப் புதுப்பிக்கும் மவுஸ் ஒலி கேட்கிறது. அரை நிமிடத்துக்கு ஒரு முறை. பொடியன் எப்போதும் உடனே பதில் போடுபவன்.

என் கைகள் துணி மடிப்பதில் இருக்கின்றன. “அனுப்பு” என்னும் பொத்தானுக்கு அருகில் இருப்பவர் நீங்கள்.